அறுபத்தொரு டிகிரி

கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தபோது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் அறுபத்தொரு டிகிரி இடைவெளி இருப்பதாக ஏழாம் எண் கவுன்டரில் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கைப்பை மட்டும்தான். அவளுடையது. அதை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பொது நூலகத்தின் பைண்டர். பெண், நூலகத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவள். அவருக்கு நாற்பத்தொரு வயது, அவளுக்கு முப்பத்தெட்டு. இரண்டு வீட்டிலும் நம்பிக்கை இழந்து, அழுது, அலுத்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்ட காலத்தில், தாங்களாகவே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டவர்கள்.

"பத்துக்கு மேல போனா கல்யாணப் பதிவு கிடையாது" என்றார் கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர். ஒரு தாளுக்கு ஏழு முத்திரை குத்துவார் என்பதால் நூலகத்தில் அவருக்கு முத்திரை சார் என்று பெயர். அவருடைய மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

"சார், நான் இதே கட்டடம்தான். கீழ்த்தளம். என்னை உங்களுக்குத் தெரியும்."

"நல்லாத் தெரியும். இந்த நாற்காலிக்கு உறை தைச்சுக் கொடுத்ததே நீங்கதானே. அதுக்காகக் கழித்தல் கணக்கு மாறிடுமா? நீங்க இருபத்தொண்ணு. அம்மா எண்பத்திரண்டு. நீங்களே கழிச்சுப் பாருங்க."

"நூத்திரண்டு டிகிரின்னு வந்தா நான் மாத்திரை கொடுத்து அனுப்புவேன்" என்றாள் மருந்துக்கடைக்காரி. "இந்த டிகிரிக்கு நீங்க என்ன கொடுப்பீங்க?"

"அஞ்சு வருஷம்" என்றார் முத்திரை சார். "படிச்ச புத்தகம் மனசுல ஆறி அடங்கணும் இல்லையா. அஞ்சு வருஷம் கழிச்சுப் புது விண்ணப்பம் போடுங்க. ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படிச்சிருந்தா இந்தக் கணக்கே வேண்டாம். இடைவெளி பூஜ்யம்னு எழுதி அனுப்பிடுவேன். விதி பதினொண்ணு. நீங்க ஆளுக்கொரு புத்தகம் படிச்சிட்டு வந்து நிக்கிறீங்க."

ஐந்து வருடம் என்றதும் பைண்டர் கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

இந்த இடத்தில் வாசகர் நம்பிக்கைத் துறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் ஒரு குழு உட்கார்ந்து கணக்குப் போட்டது. குடும்பச் சண்டைகளில் பாதி கடவுளைப் பற்றியது. கடவுளைப் பற்றிய கருத்துகளில் பாதி புத்தகங்களிலிருந்து வருவது. ஆகவே கால்வாசிச் சண்டையை நூலகத்திலேயே நிறுத்திவிடலாம். அந்தக் கால்வாசியை நிறுத்துவதற்காக நூலகத்தின் இரண்டாம் மாடி முழுவதையும் துறைக்கு ஒதுக்கினார்கள். அங்கே இருந்த புத்தகங்களைக் கீழ்த்தளத்து ஈரச் சுவரோரம் இறக்கி வைத்தார்கள்.

புத்தகம் எடுப்பவர் திருப்பிக் கொடுக்கும்போது மஞ்சள் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். படிப்பதற்கு முன் கடவுள் நம்பிக்கை எத்தனை பாகை, படித்த பின் எத்தனை. பூஜ்யம் என்றால் வானம் காலி. நூறு என்றால் ஓர் இடம்கூட மிச்சமில்லை. ஒன்றும் படிக்காதவர்களுக்குத் துறையே ஐம்பது போட்டுவிடும். பாகை என்பது துறையின் வார்த்தை. மக்கள் டிகிரி என்றுதான் சொன்னார்கள். "அவருக்கு இந்த மாசம் நாலு டிகிரி இறங்கிருச்சாம்" என்று மாமியார்கள் மருமகன்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

நூலகத்தில் நாற்பதாயிரம் புத்தகங்கள் இருந்தன. ஆனால் துறையின் சான்று பெற்றவை இரண்டே. ஒன்று, 'இருக்கிறார்: ஐந்நூறு சான்றுகள்.' மற்றது, 'இல்லை: ஓர் எளிய விளக்கம்.' மீதி முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டும் பரிசீலனையில் இருந்தன. பரிசீலனை தாமதமாவதற்குக் காரணம் உண்டு. துறையில் யாரும் புத்தகம் படிக்கக் கூடாது. படித்தால் நடுநிலைமை கெட்டுவிடும். படிக்காமல் ஒரு புத்தகத்தைப் பரிசீலிக்க சராசரியாகப் பதினைந்து வருடம் பிடித்தது.

அந்த இரண்டு புத்தகங்களும் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தன. சான்றுகளைப் படித்தவர்களுக்குச் சராசரியாகப் பதினான்கு டிகிரி ஏறியது. விளக்கத்தைப் படித்தவர்களுக்கு ஒன்பது இறங்கியது. இந்த விவரம் வரைபடமாகிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாடிப்படியில் தொங்கியது.

அந்த வரைபடத்தைக் கடக்கும்போதெல்லாம் பைண்டர் தலையைக் குனிந்துகொள்வார். மரியாதையினால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு புத்தகங்களும் ஒன்றாக அவருடைய மேசைக்கு வந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே தடிமன். இரண்டுக்கும் முன்பக்கத் தாள்கள் கிழிந்து போயிருந்தன. தைத்து, முதுகுக்குப் பசை தடவி, பழுப்புத் துணி ஒட்டித் தலைப்புப் போட்ட அட்டைகளைத் தனியாக வைத்திருந்தார். அப்போது அவருடைய அக்கா வந்தாள். கையில் ஒரு பெண்ணின் போட்டோ. "இந்தத் தடவையும் வேண்டாம்னு சொன்னே, உனக்கும் எனக்கும் பேச்சே இல்ல" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே அட்டைகளை ஒட்டினார். போட்டோவைப் பார்க்காமலே வேண்டாம் என்றார். புத்தகங்களையும் பார்க்காமலே மாடிக்கு அனுப்பினார்.

இரண்டின் அட்டையும் மாறிப்போயிற்று.

பதினோரு வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சான்றுகள் என்று எடுத்துப் போனவர்கள் முந்நூறு பக்கமும் 'இல்லை, இல்லை' என்று படித்தார்கள். ஆசிரியர் எதிராளியின் வாதத்தை முதலில் அடுக்குகிறார், சான்றுகள் கடைசியில் வரும் என்று காத்திருந்தார்கள். கடைசிப் பக்கம் வரை போனவர்கள் குறைவு. போனவர்களும், தங்களுக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று ஏறியதாகவே படிவத்தில் எழுதினார்கள். துறைக்கு முன்னால் முட்டாளாக நிற்க யாருக்குத்தான் மனம் வரும்?

மருந்துக்கடைக்காரிக்கு அந்தக் கூச்சம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சான்றுகளை எடுத்துக்கொண்டு நேராகக் கீழ்த்தளத்துக்கு வந்தாள்.

"நீங்கதானே பைண்டர்? லேபிள் ஒண்ணு, மருந்து ஒண்ணா இருக்கு."

அவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். அலமாரியிலிருந்து விளக்கத்தையும் எடுத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை நானே ஒரு தடவை படிச்சிருக்கேன்" என்றார், விளக்கத்தைக் காட்டி. "இல்லைன்னு தலைப்பு வச்சிட்டு உண்டு, உண்டுன்னு எழுதறாரே, கிண்டல் பண்றார் போலன்னு நினைச்சுட்டேன்."

"படிச்சப்புறம் ஏறிச்சா?"

"இறங்கிருச்சுங்க. ஐந்நூறு காரணம் சொல்றார். எங்க அக்கா ஒரு பொண்ணு நல்ல பொண்ணுன்னு மூணு காரணத்துக்கு மேல சொன்னாலே எனக்கு சந்தேகம் வந்துடும்."

அவள் சிரித்தாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் பார்த்த முதல் நல்ல விஷயம் அதுதான். "எனக்கு ஏறிருச்சு" என்றாள். "இந்த மனுஷன் கடவுள் இல்லைன்னு சொல்றதுக்காக, உலகத்துல யார் யாரெல்லாம் எப்படிக் கஷ்டப்படறாங்கன்னு ஒவ்வொருத்தரா எழுதியிருக்கார். முகம் தெரியாதவங்க. அவங்களுக்காக ராவும் பகலும் கோபப்பட்டிருக்கார். இவ்வளவு அக்கறை ஒருத்தருக்குள்ள எங்கேயிருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க ஏறிட்டே போச்சு."

"சரி பண்ணிடட்டுமா? ரெண்டு அட்டையையும் கழட்டி மாத்தினா போதும்."

"மாத்தினா வரைபடம் என்ன ஆகும்?"

வரைபடம் என்ன ஆகும் என்று யோசிக்க அவள் வாரம் ஒருமுறை கீழ்த்தளத்துக்கு வர வேண்டியதாயிற்று. பிறகு வாரம் மூன்று முறை. பிறகு அவர் மாலையில் மருந்துக்கடைக்குப் போய், தேவையே இல்லாத ஒரு களிம்பை வாங்கிக்கொண்டு நிற்பார். பதினாறாவது களிம்பின்போது அவளே கேட்டுவிட்டாள்.

இப்போது கவுன்டருக்கு வருவோம்.

"ஒருத்தர் மாறினாப் போதும்" என்றார் முத்திரை சார். "இவர் சான்றுகளைப் படிச்சு மேல ஏறலாம். இல்ல, அம்மா விளக்கத்தைப் படிச்சுக் கீழ இறங்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு புத்தகத்தை ஒரு தடவைதான் கொடுப்போம். பார்த்துச் செய்யுங்க."

வெளியே படிக்கட்டில் அவர்களுடைய முதல் சண்டை நடந்தது.

"நீங்க சும்மா இருங்க, நான் ஏறி வரேன்."

"எதுக்கு? உங்களுக்கு முட்டிவலி. நான் இறங்கி வரேன்."

"நீங்க நீங்களாவே இருங்க. அந்த எண்பத்திரண்டு எனக்குப் பிடிச்சிருக்கு."

"எனக்கு உங்க இருபத்தொண்ணு பிடிக்கலன்னு எப்போ சொன்னேன்?"

கடைசியில் யாரும் எதுவும் படிப்பதில்லை, யோசித்து முடிவு செய்யலாம் என்று சமாதானமாகிப் பிரிந்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் சான்றுகளை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பதேகாலுக்கு அவள் விளக்கத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே இப்படி இருந்தவர்கள், பின்னால் எப்படி இருந்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படிவத்தில் பொய் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளால் முடியாது. பதினாறு வருடமாக மருந்து டப்பாவில் சரியான பெயரையே எழுதிப் பழகிய கை அது. பொய் எழுதப் போனால் பேனா நின்றுவிடும். அவருக்கோ, அவளைப் பற்றிய எதிலும் பொய் எழுத மனம் வரவில்லை.

பதினான்கு நாள் கழித்து முத்திரை சார் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம் தெரிந்தது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படித் துல்லியமா யாரும் மாறினதில்ல. இவர் சான்றுகளைப் படிச்சு இருபத்தொண்ணுல இருந்து எண்பது. அம்மா விளக்கத்தைப் படிச்சு எண்பத்திரண்டுல இருந்து பத்தொன்பது. புத்தகம்னா இப்படி வேலை செய்யணும்."

"இடைவெளி?" என்றார் பைண்டர்.

முத்திரை சார் கழித்துப் பார்த்தார். "அறுபத்தொண்ணு."

அவள் பைண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "சும்மா இருக்கறதா சொன்னீங்களே?"

"நீங்க மட்டும்?"

"ரெண்டு பேரும் வெளியே போய்ப் பேசிக்கோங்க" என்றார் முத்திரை சார். "துறையில ரெண்டே புத்தகம்தான். ரெண்டையும் ரெண்டு பேரும் எடுத்தாச்சு. கடைசியா எடுத்ததுதான் செல்லும். இனி அஞ்சு வருஷம்தான்."

இதோடு முடியவில்லை. இவ்வளவு துல்லியமாக மாறியவர்கள் வீட்டில் பதிவு செய்யாத புத்தகம் ஏதேனும் இருக்கலாம் என்று துறைக்குச் சந்தேகம் வந்தது. மறுநாளே முத்திரை சார் பைண்டரின் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தார். வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள்.

"இந்த வீட்ல என்னென்ன புத்தகம் இருக்கு?"

"என் தம்பி நாள் பூரா புத்தகத்தைத் தொட்டுட்டு வரான். வீட்டுக்குள்ள வேற எதுக்கு?"

"அலமாரி மேல தடிமனா ஒண்ணு தெரியுதே."

"அது பழைய டெலிபோன் டைரக்டரி. எட்டாத டப்பாவை எடுக்கறதுக்கு மேல ஏறி நிப்பேன்."

முத்திரை சார் அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்தார். "இதுல என்ன இருக்கும்?"

"பேரா இருக்கும். ஆயிரக்கணக்குல. கூப்பிட்டா யாரும் எடுக்க மாட்டாங்க. நானும் ரொம்ப நாள் கூப்பிட்டுப் பார்த்தேன்."

முத்திரை சார் பேனாவை எடுத்தார். "கண்ணுக்குத் தெரியாதவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறது. பதில் இல்ல. இருந்தும் தொடர்ந்து கூப்பிட்டது." எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "எத்தனை நாள் கூப்பிட்டீங்க?"

"ஆறு மாசம் இருக்கும். ஏன் சார்?"

"உங்களுக்குத் தொண்ணூத்தஞ்சு போட்டிருக்கேன்" என்று சொல்லி டைரக்டரிக்கு ஏழு முத்திரை குத்திவிட்டுப் போனார்.

அன்று மாலை பைண்டர் வீட்டுக்கு வந்ததும் அக்கா அவரை உட்கார வைத்தாள். மருந்துக்கடைக்காரியும் கூட வந்திருந்தாள்.

"மண்டபம் சொல்லியாச்சு. பத்திரிகை கொடுத்தாச்சு. இன்னும் பத்து நாள் இருக்கு. என்னடா பண்ணப் போறே?"

"உண்மையைச் சொல்லிடறேன் அக்கா. அட்டை மாறினது என் தப்புன்னு சொன்னா, எல்லாப் படிவமும் செல்லாமப் போகும். நாங்க ரெண்டு பேரும் படிக்காதவங்க ஆயிடுவோம். ஆளுக்கு ஐம்பது. இடைவெளி பூஜ்யம்."

"உன் வேலை?"

அவர் விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினார்.

"அம்மாடி, நீ சொல்லு" என்று அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "இவனுக்கு அந்தப் பசை வாசனை இல்லாம சோறு இறங்காது. வேலை போச்சுன்னா, கல்யாணம் பண்ணி என்ன பண்ணுவான்? உன் கடையில வந்து உட்கார்ந்து எல்லா டப்பாவுக்கும் அட்டை போடுவான்."

"போடட்டும் அக்கா" என்றாள் அவள். "ஆனா எனக்காகன்னு சொல்லிட்டுப் போக வேண்டாம். நாளைக்கு ஒரு சண்டை வந்தா அதைச் சொல்லிக் காட்டுவார். நான் தாங்க மாட்டேன்."

"சொல்லிக் காட்ட மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உங்க வேலையில தப்பு. அதை நீங்க சொல்லணும். அவ்வளவுதான். சொன்னா நானும் கூட வரேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, எந்த நாள் அட்டையை மாத்தி ஒட்டினே?"

"நீங்க போட்டோ எடுத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கு."

"அப்போ நானும் வரணும்" என்றாள் அக்கா.

விசாரணை ஏழு நாள் கழித்து, துறைத் தலைவரின் அறையில் நடந்தது. நீள மேசை. சுவரெங்கும் கண்ணாடி அலமாரிகள். அவற்றில் புத்தகங்கள் போலவே வரிசையாக அடுக்கப்பட்ட ஆண்டறிக்கைகள். மேசை நடுவில் சான்றுகளும் விளக்கமும் இருந்தன. யாரும் தற்செயலாகப் பிரித்துவிடாதபடி இரண்டின் மீதும் நூல் கட்டியிருந்தது.

பைண்டர் எல்லாவற்றையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை, போட்டோ, பசை, எதையும் விடவில்லை. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பதினோரு வருஷம்" என்றார் தலைவர். "ஆயிரத்து இருநூறு வாசகர்கள். ஒருத்தராவது புகார் கொடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"சான்றுகள் படிச்சவங்களுக்கு ஏறியிருக்கு. அப்போ அது சான்றுகள்தானே?"

"உள்ள இருக்கறது வேற சார். பிரிச்சுப் பார்த்தாத் தெரியும்."

"யாரு பிரிச்சுப் பார்க்கறது?" தலைவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். அதிகாரிகள் ஒன்பது பேரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்கள். "உள்ள என்ன இருக்குன்னு இந்த அறையில யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. அதுதான் இந்தத் துறையோட ஒழுக்கம்."

"சார், ஒரு விஷயம்" என்றாள் மருந்துக்கடைக்காரி. "தூக்க மாத்திரை டப்பாவுல வைட்டமின் மாத்திரை மாறிப் போயிட்டா, அது தப்புதானே?"

"சாப்பிட்டவர் தூங்கினாரா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "தூங்கிட்டார் சார்."

"அப்புறம் என்னம்மா?"

தலைவர் எழுந்து நின்றார். அவர் நின்றால் உரை என்று பொருள். சுருக்கெழுத்தாளர் தயாரானார்.

"நான் சின்ன வயசுல ஒரே ஒரு புத்தகம் படிச்சேன். பேர் ஞாபகம் இல்ல. அதுல ஒருத்தர், கெட்டவங்க நல்லா இருக்காங்களே, ஏன்னு கேட்டிருந்தார். மூணு நாள் எனக்கு வேலையே ஓடல. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாக்கூட அந்தக் கேள்வி வந்துச்சு. அப்பவே முடிவு பண்ணேன், பொதுமக்களுக்கு இந்த நிலைமை வரக் கூடாது. ஒரு மனுஷன் புத்தகத்தைப் பிரிச்சா என்ன நடக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். ஏறுமா, இறங்குமா, அவ்வளவு தெரிஞ்சாப் போதும். எதுக்கு ஏறுது, எதுக்கு இறங்குதுன்னு கேட்டா அதுக்கு முடிவே கிடையாது. அதனாலதான் இந்தத் துறை முப்பது வருஷமா உள்ளே இருக்கற தாளை நிர்வாகம் பண்ணல. அட்டையை நிர்வாகம் பண்ணுது. அட்டைதான் புத்தகம். அட்டைக்குத்தான் எண். எண்ணுக்குத்தான் படிவம். படிவத்துக்குத்தான் நாம எல்லாரும்."

அதிகாரிகள் மேசையைத் தட்டினார்கள்.

"ஆகையால்" என்றார் தலைவர், "எந்தத் தவறும் நடக்கல. நடக்காத தவறுக்கு யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. எந்தப் படிவமும் ரத்து ஆகாது. அட்டையே நூல்னு இன்னிக்கே ஆணை போடுங்க. அப்புறம் பைண்டர், ரெண்டும் ரொம்பப் பழசாயிருச்சு. எடுத்துட்டுப் போய் பலமா அட்டை போட்டுக் கொண்டு வாங்க. பிரிச்சுப் படிக்காதீங்க."

வெளியே வந்ததும் அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வேலையும் போகல, கல்யாணமும் நடக்காது. இது என்னடா தண்டனை?"

பைண்டர் தன் கையிலிருந்த இரண்டு புத்தகங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். ஆணையின் நகலை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் முகத்தைப் பார்த்த மருந்துக்கடைக்காரி, "அக்கா, எழுந்திருங்க" என்றாள். "இவர் ஏதோ ஒட்டப் போறார்."

கீழ்த்தளத்தில் எப்போதும் அலமாரிப் பற்றாக்குறை. மெலிந்த புத்தகங்கள் வந்தால், இரண்டைச் சேர்த்து ஒரே அட்டைக்குள் கட்டி, ஒரே எண் கொடுப்பார்கள். முப்பது வருடமாக நடக்கும் வேலை. பதிவேட்டில் பைண்டர் கையெழுத்துப் போட்டால் போதும், மாடியில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பழைய அட்டைகளை நீராவி காட்டிக் கழற்றினார். தாள்களைப் புதிதாகத் தைத்தார். ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் கடைசிப் பக்கத்தோடு கடைசிப் பக்கம் சேர்த்தார். இந்த முறை வேலையின்போது அக்காவைப் பேச விடவில்லை. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அதுதான் மிக நீளமான ஒரு மணி நேரம். பிரஸ்ஸில் அழுத்தி ஒரு நாள் காயவிட்டார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் மீதி இருந்தது.

மறுநாள் காலை மூவரும் ஏழாம் எண் கவுன்டரில் நின்றார்கள்.

"என்ன இது, ஒண்ணுதான் இருக்கு?" என்றார் முத்திரை சார்.

"ரெண்டும்தான் சார். அலமாரியில இடம் இல்ல. சேர்த்துக் கட்டிட்டேன். பதிவேட்டுல எண் கொடுத்தாச்சு. பழைய ரெண்டு எண்ணும் இந்த ஒரே எண்ணுக்கு மாறிடுச்சு."

முத்திரை சார் பதிவேட்டைப் பார்த்தார். ஆணையைப் பார்த்தார். ஆணையில் அவரே குத்திய ஏழு முத்திரைகள் இருந்தன. அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. "அட்டைதான் நூல். அட்டை ஒண்ணு. அப்போ நூல் ஒண்ணு." நிமிர்ந்தார். "நீங்க கடைசியா எடுத்த புத்தகம்?"

"இதுதான் சார்" என்றார் பைண்டர்.

"அம்மா எடுத்தது?"

"இதேதான்."

"அப்போ விதி பதினொண்ணு" என்றார் முத்திரை சார். குரலில் ஒரு சோர்வு இருந்தது. சான்றிதழை எடுத்து, இடைவெளி என்ற இடத்தில் பூஜ்யம் எழுதினார். ஒன்று, இரண்டு என்று முத்திரை குத்த ஆரம்பித்தார். ஆறாவது முத்திரையில் கை நின்றது.

அவருடைய பார்வை புதிய புத்தகத்தின் மேல் இருந்தது. பழுப்புத் துணி, எழுத்தே இல்லாத அட்டை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

"தலைப்பு போடலையா?"

"எதைப் போடறதுன்னு தெரியல சார்."

"இதுல எது முன்பக்கம்?"

"ரெண்டுமே முன்பக்கம்தான் சார். இந்தப் பக்கம் திறந்தா ஒருத்தர் பேசுவார். திருப்பித் திறந்தா இன்னொருத்தர். பின்பக்கமே கிடையாது."

முத்திரை சார் சுற்றிலும் பார்த்தார். "நடுவுல என்ன ஆகும்?" என்று தணிந்த குரலில் கேட்டார். "ரெண்டு பேரும் முடிக்கற இடத்துல?"

"ஒரு வெள்ளைத் தாள் வச்சிருக்கேன்" என்றார் பைண்டர்.

முத்திரை சார் ஏழாவது முத்திரையைக் குத்தினார். அது தலைகீழாக விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது அக்கா சான்றிதழைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "அன்னிக்கு நான் போட்டோ எடுத்துட்டு வராம இருந்திருந்தா, அட்டை மாறியிருக்காது. அட்டை மாறாம இருந்திருந்தா, இந்தப் பொண்ணு கீழ்த்தளத்துக்கு வந்திருக்க மாட்டா. கணக்குப் பார்த்தா இந்தக் கல்யாணத்தைப் பண்ணி வச்சதே நான்தான்."

"பண்ணி வச்சது நீங்கதான் அக்கா" என்றாள் மருந்துக்கடைக்காரி. "பத்திரிகையில ஒரு வரி சேர்த்திருக்கலாம்."

வரைபடம் தொங்கிய இடத்தில் பைண்டர் இன்று தலை குனியவில்லை. நின்று திரும்பிப் பார்த்தார். மேலே ஏழாம் எண் கவுன்டரில் வரிசை நீண்டிருந்தது. கண்ணாடியில் 'சிறிது நேரம் மூடப்பட்டுள்ளது' என்ற பலகை தொங்கியது. அதற்குப் பின்னால் முத்திரை சாரின் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. மேசைக்கடியில் எதையோ மடியில் வைத்துக் குனிந்திருந்தார். ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மருந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டார்" என்றாள் அவள்.

"எந்தப் பக்கத்துல இருந்து?"

அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல" என்றாள். "லேபிள் இல்லையே."